டிராக்டர் இஞ்சினில் கிராங்க், கேம் சென்சார்களின் இணக்கக் கோளாறு

நாற்று முதிர்ந்து, வாய்க்காலில் முறைத் தண்ணீரும் வந்தபின், தொளி உழவுக்கு இறக்கிய டிராக்டர் கிளம்ப மறுத்தால் மிராசுதாருக்கு உண்டாகும் நஷ்டத்தை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பழைய டீசல் இஞ்சினானால், குழாயிலுள்ள காற்றை நீக்கிக் கிளப்பிவிடக் கிராமத்திலேயே ஆள் இருந்தது. 2023-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி முதல் 50 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு டிரெம் 4 என்னும் புகை விதிகள் அமுலுக்கு வந்தன. அவ்விதிகளுக்குட்பட்ட வண்டிகளில், டீசலை எப்பொழுது எவ்வளவு செலுத்துவது என்பதைப் பெரும்பாலும் ஈ.சி.யு. என்னும் கட்டுப்பாட்டுப் பெட்டியே நிர்ணயிக்கின்றது. அப்பெட்டிக்குக் கண்ணாயிருப்பவை இரண்டு சென்சார்கள்.

நாலு ஸ்டிரோக் இஞ்சினில் கிராங்க் ஷாப்டு இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் கேம் ஷாப்டு ஒரு சுற்றுச் சுற்றும். கிராங்குடன் சேர்ந்து சுழலும் பற்சக்கரத்தில், அநேக இஞ்சின்களில், 60 பற்களுக்கு இடம் வகுத்து 58 பற்களையே அமைத்திருப்பார்கள். ஒரு பல்லுக்கு 6 டிகிரி. பல்லில்லாத வெற்றிடம் சென்சாரைக் கடக்கும்பொழுது, பிஸ்டன் நிற்குமிடத்தைப் பெட்டி அறிகின்றது. ஆனால் பிஸ்டன் மேலேறுவது காற்றை அமுக்குவதற்கா, புகையை வெளியே தள்ளுவதற்கா என்பது அதனால் விளங்காது. கடிகாரத்தில் மணி ஆறு என்றால், காலையா மாலையா என்று வானத்தைப் பார்த்தன்றோ சொல்லவேண்டும்? அவ்விதமே கேம் சென்சாரின் செய்தியைக் கொண்டு பெட்டி முடிவு செய்கின்றது. இரண்டு செய்திகளும் பொருந்தாவிடில், டீசலை நிறுத்திவிடும். அல்லது வெகு நேரம் சுற்றியபின்னரே இஞ்சின் பிடிக்கும். மெக்கானிக்குகள் 'சிங்க் இல்லை' என்பது இதைத்தான்.

இந்நிலையில் ஸ்கானர் கருவியில் ஓர் எண் தோன்றும். சரக்கு வண்டிகளில் பி 0335 என்பது கிராங்க் சென்சாரின் மின்சுற்றையும், பி 0340 என்பது கேம் சென்சாரின் மின்சுற்றையும், பி 0016 என்பது இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமையையும் குறிக்கும். டிராக்டர்களில் எண் முறை வேறாயிருக்கலாகையால், வண்டியுடன் கொடுத்த புத்தகத்தைப் பார்க்கவேண்டும். எண்ணில் சென்சாரின் பெயர் வருவதைக் கண்டவுடன் அச்சென்சாரையே மாற்றிவிடுவது அநேகர் செய்யும் பிழையாகும். கோளாறு எந்தத் திசையிலென்று எண் காட்டுமேயன்றி, எந்த உறுப்பிலென்று சொல்லாது.

டெல்டாப் பகுதியில் ஒரு குடியானவரின் டிராக்டரில், கொட்டகையில் நின்ற காலத்தில் எலி ஒயரைக் கடித்துவிட்டது. கடைத்தெரு எலக்ட்ரீஷியன் ஒருவர் முடிச்சுப் போட்டு ஒட்டினார். அதன் பின் இஞ்சின் சுற்றிற்றேயன்றிக் கிளம்பவில்லை. கிராங்க் சென்சாரை மாற்றினார்கள். கேம் சென்சாரையும் மாற்றினார்கள். பத்து நாளும் பல ஆயிரம் ரூபாயும் போயின. முடிவில் ஒரு மெக்கானிக், பாட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, சென்சாரின் ஒவ்வொரு முனையிலிருந்தும் பெட்டி வரையில் மல்டிமீட்டர் கொண்டு சோதித்தார். ஒயர்கள் கறுத்து ஒரே நிறமாயிருந்தபடியால், இரண்டும் இடம் மாறி ஒட்டப்பட்டிருந்தன. சுருள் வகைச் சென்சாரில் ஒயர் இடம் மாறினால் மின்னலை தலைகீழாகும். வெற்றிடம் பிசகின இடத்தில் தோன்றும். கேம் சென்சாரின் செய்தியுடன் பொருந்தாது. ஒயரை மாற்றிப் பொருத்தியவுடன் வண்டி கிளம்பிற்று. கழற்றிப் போட்ட பழைய சென்சார்கள் இரண்டும் பழுதற்றவை.

ஆகையால் முதலில் பாட்டரியைப் பார்ப்பது உத்தமம். 12 வோல்ட் பாட்டரி, ஸெல்ப் மோட்டார் சுற்றும்பொழுது 9½ வோல்ட்டுக்குக் கீழ் இறங்கினால், இஞ்சின் மெதுவாய்ச் சுற்றும். சுருள் சென்சாரின் மின்னலையும் பலவீனப்படும். அடுத்து, ஸ்கானரை மாட்டி இஞ்சினைச் சுற்றிப் பார்க்கவேண்டும். வேகம் பூஜ்யமாகவே நின்றால் கிராங்க் செய்தி பெட்டிக்கு எட்டவில்லை. வேகம் காட்டியும் சிங்க் இல்லையென்றால், கேம் சென்சார், ஒயர், டைமிங் என்று தேடவேண்டும். இரண்டும் சரியாயிருந்தால் டீசல் அழுத்தத்தைக் கவனிப்பதே முறை.

சென்சாரில் இரண்டு ஒயரானால் பெரும்பாலும் சுருள் வகை. அதன் ஓம் அளவைப் புத்தகத்துடன் ஒப்பிடலாம். மூன்று ஒயரானால் பெரும்பாலும் ஹால் வகை. இதை ஓம் வைத்துச் சோதிப்பது வீண். கனெக்டரைக் கழற்றி, சாவியைத் திருப்பி, தயாரிப்பாளர் சொன்னபடி 5 வோல்ட்டோ 12 வோல்ட்டோ வருகிறதாவென்று பார்க்கவேண்டும். வரவில்லையாயின் குற்றம் சென்சாரில் இல்லை. சென்சார் முனையில் இரும்புத்தூள் படிந்திருப்பதும், கனெக்டரில் சேற்று நீர் புகுந்து பச்சை பூத்திருப்பதும் சேற்றுழவு வண்டிகளில் எதிர்பார்க்க வேண்டியவையே. காலையில் நன்றாய்க் கிளம்பி, சூடேறியபின் நின்று, ஆறியவுடன் மறுபடி கிளம்பும் வண்டியில் கிராங்க் சென்சாரின் சுருளைச் சந்தேகிக்கலாம். சூட்டோடு சோதித்தாலன்றி அது பிடிபடாது.

இஞ்சினைப் பிரித்துக் கோத்தபின் இக்கோளாறு தோன்றினால், மேற்கொண்டு ஸெல்ப் அடிக்கலாகாது. கேம் பல்சக்கரத்தில் 40 பற்களானால், ஒரு பல் தவறினாலும் கிராங்கில் 18 டிகிரி பிசகும். பிசகு மிகுந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து வளையும்; சில இஞ்சின்கள் அதைத் தாங்கா. மூடியைத் திறந்து டைமிங் குறிகளைப் பார்த்தபின்னரே சுற்றவேண்டும்.

வாடகைக்கு டிராக்டர் வைத்திருக்கும் கூட்டுறவுச் சங்கங்களில், ஸ்கானரில் தோன்றிய எண், தேதி, வண்டி ஓடிய மணி, அப்பொழுது இஞ்சின் சூடாயிருந்ததா என்பவற்றைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதும்படி கிராம அதிகாரிகள் ஏற்பாடு செய்யலாம். மெக்கானிக் வந்தவுடன் செய்யும் முதல் வேலை பெரும்பாலும் எண்ணை அழிப்பதுதான். எழுதி வைக்காவிடில், அடுத்து வருபவர் மறுபடி முதலிலிருந்தே தேட நேரிடும்.