சுண்ணாம்பு தடவாத கலயம்!

1953-ஆம் வருஷம், பிப்ரவரி 28. சனிக்கிழமை மத்தியானம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரின் நட்டநடுவில் 'ஈகிள்' என்று ஒரு பப். சாப்பாட்டு நேரக் கூட்டம். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த பிரான்சிஸ் கிரிக் என்பவர், காதில் விழுகிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "உயிரின் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டோம்!" என்கிற தினுசில் அறிவித்தாராம். கூடவே வந்த ஜேம்ஸ் வாட்சன் பிற்பாடு புத்தகத்தில் எழுதி வைத்த சங்கதி இது. விஷயம் என்னவென்றால், டி.என்.ஏ.வின் முறுக்கேணி வடிவம். 1962-ல் நோபல் பரிசு கிடைத்தது.

உலகத்தை மாற்றிய ஒரு கண்டுபிடிப்பை, முதன்முதலில் பீர் குடித்துக்கொண்டிருந்தவர்களிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். நம்ம ஊரில் யாராவது 'கடை'யில் நின்று, "உயிரின் ரகசியத்தைக் கண்டுபிடிச்சிட்டேன் மாமு" என்றால் என்ன ஆகும்? "சரிடா, ஆட்டோ புடி" என்பார்கள். அவ்வளவுதான்.

ஏன் இந்த வித்தியாசம்? விழுப்புரத்தில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததிலிருந்து எனக்கு இதே யோசனை. போகிற ஊர் பனமலை.

பொது வீடு

பப் என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். ஊருக்குப் பொதுவான வீடு. ஈகிள் 1667-ல் ஆரம்பமானது. அந்தக் காலத்தில் குதிரை வண்டியில் வருகிறவர்கள் இறங்கித் தங்கிப் போகிற சத்திரம். குதிரைக்குப் புல், மனுஷனுக்கு பீர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது விமானப்படைப் பையன்கள் அங்கே வந்து, மேஜை நாற்காலி மேல் ஏறி நின்று, சிகரெட் லைட்டராலும் மெழுகுவத்தியாலும் கூரையில் தங்கள் படைப்பிரிவின் பெயரைக் கரியால் எழுதினார்கள். நாளைக்குத் திரும்பி வருவோமா என்று தெரியாத பையன்கள். அந்தக் கரி எழுத்தை இன்றுவரை வெள்ளையடிக்காமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

இங்கிலாந்து பப்புகளுக்கு வெளியே தொங்குகிற படப் பலகையைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். சிங்கம், கழுகு, ராஜா தலை. 1393-ல் இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் போட்ட உத்தரவு அது. பீர் விற்கிறவன் வாசலில் அடையாளம் வைத்தே ஆக வேண்டும். சரக்கைச் சோதித்துப் பார்க்கும் அதிகாரிக்குக் கடை தெரிய வேண்டாமா! (குடித்துப் பார்ப்பதே உத்தியோகம். ஸார், இந்த வேலைக்கு இப்போது அப்ளிகேஷன் போட முடியாது. விசாரித்துவிட்டேன்.)

'அடடா, வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்' என்று சொல்லிவிடாதீர்கள். அவனுக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே நம் ஆட்கள் கள்ளுக்கடை வாசலில் கொடி பறக்க விட்டிருக்கிறார்கள். மதுரைக்காஞ்சியில் இருக்கிறது. அதியமான் ஔவையாருக்குக் கள் கொடுத்து உபசரித்தது புறநானூற்றில் இருக்கிறது. வள்ளுவர் மட்டும், 'கள்ளுண்ணாமை' என்று ஓர் அதிகாரமே போட்டு வேண்டாம் என்றுவிட்டார். ஆக, இந்தத் தகராறு நேற்று முளைத்தது இல்லை.

பனை இருக்கிற மலை

விழுப்புரத்திலிருந்து இருபது கிலோமீட்டர் சுமாருக்குப் பனமலை. பெரிய ஏரி, கரையில் பாறைக் குன்று, உச்சியில் கோயில். காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டினானே, ராஜசிம்ம பல்லவன், அவன் கட்டியதுதான் இதுவும். எட்டாம் நூற்றாண்டின் ஆரம்பம். சுவாமி பெயர் தாலகிரீசுவரர். தாலம் என்றால் பனை, கிரி என்றால் மலை. அப்படியே தமிழில் சொன்னால் பனமலைக்காரர்!

கோயிலின் பக்கச் சன்னிதி ஒன்றில் சுவரில் ஓர் ஓவியம். சிவபெருமான் ஆட, குடை நிழலில் ஒரு காலை மடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் பார்வதி. ஆயிரத்து முந்நூறு வருஷத்துச் சாயம். பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டாலும் அந்த முகத்தில் இருக்கிற அமைதி அப்படியே இருக்கிறது. அதைப் பார்க்கவே ஒரு தடவை போய் வரலாம்.

இறங்கி வரும்போது டீக்கடையில் ஒரு பெரியவர். எழுபதைத் தாண்டின வயசு. முழங்கால், நெஞ்சு எல்லாம் காய்ப்புக் காய்ச்சிக் கறுத்துக் கிடந்தது. பார்த்தவுடனேயே பனையேறி என்று தெரிந்துபோயிற்று. பேச்சுக் கொடுத்தேன்.

"காலைல ஒரு ஏத்து, உச்சில ஒரு ஏத்து, சாயங்காலம் ஒரு ஏத்து தம்பி. பாளைய சும்மா உட்டா பால் தராது. இடுக்கியால நசுக்கணும், கட்டணும், தெனம் அருவாளால மெல்லிசா சீவணும். ஒருநா சீவாம உட்டா அடைச்சுக்கும். பொண்டாட்டி மாதிரி, தெனம் கவனிக்கணும்" என்றார்.

"கள்ளு எப்படி இறக்குறது தாத்தா?"

சிரித்தார். "அதுக்குத் தனியா ஒண்ணும் வித்தை இல்ல. கலயத்துல சுண்ணாம்பு தடவுனா பதநீ. தடவலேன்னா கள்ளு. அம்புட்டுத்தான்."

யோசித்துப் பாருங்கள் ஸார். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சொட்டு. காற்றிலும் பழைய கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட், சாற்றில் இருக்கிற சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக மாற்றுகிறது. சுண்ணாம்பு இருந்தால் அந்த வேலை நடக்காது. சில மணி நேரத்துக்குள் நடந்து முடிகிற சமாசாரம். சுண்ணாம்பு பூசிய கலயம் கருப்பட்டிக்குப் போகும். பூசாத கலயம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும்!

கள்ளின் போதை, பீர் மாதிரிதான். நூற்றுக்கு நாலிலிருந்து ஆறு பங்கு சாராயச் சத்து. டாஸ்மாக் பிராந்தி, விஸ்கியில் நாற்பதுக்கும் மேலே.

"கடை எப்படி இருக்கும்?"

"ஓலைக் கொட்டா. மண் தரை. பெஞ்சு இருந்தா உண்டு, இல்லேன்னா குந்துறதுதான். மொந்தைல ஊத்துவாங்க. மொச்சைக் கொட்டை, சுட்ட கருவாடு, மாங்கா. ஏரு எங்க ஓட்டுறது, மழை எப்ப வரும், எவன் மாடு வெலைக்கி இருக்கு... எல்லாம் அங்கதான் பேச்சு."

எனக்கு உடனே ஜார்ஜ் ஆர்வெல் ஞாபகம் வந்தார். இந்தியாவில், பீகாரில் மோதிஹாரியில் பிறந்த எழுத்தாளர். அப்பாவுக்கு அபின் இலாகாவில் உத்தியோகம்! 1946-ல் ஒரு பத்திரிகையில், தனக்குப் பிடித்த பப் எப்படி இருக்கும் என்று ரசித்து ரசித்து ஒரு கட்டுரை எழுதினார். கடைசியில், 'அப்படி ஒரு பப்பே கிடையாது' என்று முடித்துவிட்டார். அவர் அங்கே சரக்கைவிடப் பேச்சைத்தான் தேடியிருக்கிறார். பெரியவரும் அதைத்தான் சொல்கிறார்.

மரத்துக்கு நம்பர்

வெள்ளைக்காரன் ஆட்சியில் 1886-ல் சென்னை ஆப்காரிச் சட்டம் வந்தது. கள் இறக்குகிற மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம். மரத்துக்கு நம்பர் போட்டு வரி வாங்கியவன், கஜானாவுக்கு இது எப்பேர்ப்பட்ட கற்பகத்தரு என்று கண்டுகொண்டான். நம் பக்கத்து நெல்லிக்குப்பத்துப் பாரி கம்பெனியைச் சர்க்கரைக்கும் மிட்டாய்க்கும்தானே தெரியும்? 'இ.ஐ.டி. பாரி'யின் அந்த மூன்று எழுத்துக்கு விரிவு, ஈஸ்ட் இந்தியா டிஸ்டிலரீஸ். சாராயம் காய்ச்சும் கம்பெனி!

1921-ல் காந்தியின் இயக்கத்தில் கள்ளுக்கடை மறியல். பெரியார் தன் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தார். அவர் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் மறியலில் இறங்கினார்கள். 1937-ல் ராஜாஜி முதலில் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி போட்டார். ஹோட்டல் பில்லில் வரியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோமே, அந்தக் கதையின் முதல் அத்தியாயம் இதுதான்.

1948 அக்டோபர் 2, காந்தி ஜயந்தி. ராஜதானி முழுக்க மதுவிலக்கு அமலானது. அப்போது பிரதம மந்திரி (அந்நாளில் அப்படித்தான் சொல்வார்கள்) யார் தெரியுமா? ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர்க்காரர், விவசாயி. பனங்காட்டு மண்ணில் பிறந்தவர் ஆட்சியிலேயே கள்ளுக்கடைக்குப் பூட்டு.

ஆனால் ஓமந்தூரிலிருந்து கொஞ்ச தூரம் போனால் பாண்டிச்சேரி. 1954 வரை அது பிரெஞ்சுக்காரன் ஊர். இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் கடை. தாகத்துக்கு எல்லைக்கோடு தெரியுமா? புதுச்சேரியில் கள்ளுக்கடை ஏலம் இன்றைக்கும் நடக்கிறது.

அப்புறம் நம் மாநிலத்தில் நடந்தது கதவைத் திறந்து மூடுகிற விளையாட்டு. 1971-ல் கருணாநிதி ஆட்சியில் திறப்பு. 1974-க்குள் மறுபடி மூடல். 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் திறப்பு, 1983-ல் டாஸ்மாக் பிறப்பு. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. 2003-ல் சில்லறை விற்பனையையே டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. 2023-24-ல் அதன் மூலம் அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது.

"அப்ப எனக்கு முப்பத்தஞ்சு வயசு இருக்கும். ஒரே நாள்ல கலயத்த எறக்கி வைக்கச் சொன்னாங்க. எறக்கி வெச்சேன். ஊருல பாதிப் பேரு செங்கல் சூளைக்குப் போயிட்டாங்க. பசங்க யாரும் மரம் ஏற மாட்டேங்கறான்" என்றார் பெரியவர்.

இன்னொரு கட்சி

இவ்வளவு நேரம் பேசாமல் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த கடைக்கார ஆயா சட்டென்று நிமிர்ந்தார்.

"அது இன்னா, கள்ளு ஒரே யோக்கியம் மாதிரி பேசற? கடை தொறந்திருந்தப்ப சனிக்கெழம கூலி எந்த வூட்டுக்கு வந்துச்சு? வூட்ல பசங்க கஞ்சிக்கு நின்னுச்சு. நீங்க அங்க மழையப் பத்திப் பேசிகினு இருந்தீங்க!"

பெரியவர் டீ டம்ளரைப் பார்த்தார். எனக்கும் பேச்சு வரவில்லை.

'ஊருக்குப் பொது' என்றேனே, அது யாருக்குப் பொது? இங்கிலாந்திலேயே, லண்டனில் ஒரு பேர்பெற்ற மதுக்கடை, பெண்கள் பாரில் நின்று குடிக்கக் கூடாது என்று விரட்டிக்கொண்டிருந்தது. 1982-ல் கோர்ட் தலையிட்ட பிறகுதான் நின்றது. தொழிலாளி உட்கார ஓர் அறை, துரைமார் உட்கார மெத்தை போட்ட இன்னோர் அறை என்று சுவர் வைத்த பப்புகளும் ஏராளம்.

கள்ளைத் திறந்தால் மயக்க மருந்து கலப்பார்கள் என்பது தடையை ஆதரிக்கிறவர்கள் சொல்வது. அதையும் தள்ள முடியாது. ஆனால் கதவைச் சாத்தியதால் மட்டும் உயிர் பிழைத்தார்களா? 2023 மே மாதம் இதே மாவட்டத்தில் மரக்காணம் எக்கியார்குப்பம். அதே சமயத்தில் செங்கல்பட்டுப் பக்கமும். கள்ளச்சாராயத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். அடுத்த வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சி. அறுபதுக்கும் மேலே. இரண்டிலும் கொன்றது மெத்தனால். உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறி, முதலில் கண் நரம்பைப் பிடிக்கும். இத்தனைக்கும் டாஸ்மாக் கடைகள் திறந்துதான் இருந்தன. செத்தவர்கள் பெரும்பாலும் அன்றாடக் கூலிகள். கையில் இருந்த காசுக்கு அதுதான் கிடைத்தது.

இங்கிலாந்துக்காரன் வேறு மாதிரி செய்தான். முதல் உலக யுத்தத்தில், குண்டு செய்கிற தொழிலாளி போதையில் வரக் கூடாது என்று நேரத்தை வெட்டினான். மத்தியானம் பூட்டு, ராத்திரி மணி அடித்துக் கடைசி ஆர்டர். மத்தியானப் பூட்டு 1988 வரைக்கும் இருந்தது! கடையை மூடவில்லை, கடிகாரத்தைக் காவலுக்கு வைத்தான். அங்கேயும் இப்போது பப்புகள் குறைந்துகொண்டே வருகின்றன. 2000 வாக்கில் 60,000 இருந்தது, இன்று 45,000 அளவுக்கு வந்துவிட்டது. சூப்பர் மார்க்கெட்டில் மலிவாக வாங்கி வீட்டில் டி.வி. முன்னால் குடிக்கிறார்கள். அதனால் 2011-ல் சட்டம் போட்டு, 'இது எங்கள் ஊர்ச்சொத்து' என்று பப்பைப் பதிந்துகொள்ள ஜனங்களுக்கு வழி செய்தார்கள். விற்பதாக இருந்தால் ஊர்க்காரர்கள் பணம் திரட்ட அவகாசம் கொடுக்க வேண்டும்.

நம் ஊரில் காப்பாற்ற வேண்டியது எது? குடியை யாரும் காப்பாற்ற வேண்டாம். அது தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும். பனையேறியின் பிழைப்பு, மாநில மரமான பனை, சாயங்காலம் நாலு பேர் உட்கார்ந்து பேச ஓர் இடம். இந்த மூன்றையும் ஆயாவின் சனிக்கிழமைக் கூலியைத் தொடாமல் காப்பாற்ற வழி உண்டா? நெடுஞ்சாலை ஓரம் ஜன்னல் கம்பிக்குள் கை நீட்டி வாங்கி, மறைவில் நின்று மடக்கென்று ஊற்றிக்கொள்கிற நம் ஆபீஸ் நண்பர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அங்கே குடி இருக்கிறது, பேச்சு இல்லை.

கிளம்பும்போது பெரியவர் கூப்பிட்டார். "பதநீ சாப்புடு தம்பி." பச்சைப் பனையோலையை மடித்துப் பட்டை பிடித்துக் கொடுத்தார். ஓலை வாசனையோடு தித்திப்பாக இறங்கிற்று. அடியில் லேசாகச் சுண்ணாம்பு ருசி.

"எம்புட்டு தாத்தா?"

"துட்டெல்லாம் வேணாம். குந்திப் பேசிட்டுப் போனியே, அது போதும்."

ஆயா முறுக்குச் சட்டியிலிருந்து தலை நிமிராமலே சொன்னார்: "அவரு வேணான்னுவாரு. நீ எங்கிட்ட இருபது ரூவா குடு."

கொடுத்தேன்.