ஊருக்குப் போகிறோம், ப்ரூனோவைப் பார்த்துக்கொள்ளுங்கள்

மகளுக்கு நியூ ஜெர்சியில் பிரசவம். அப்பாவும் அம்மாவும் ஆறு மாதத்துக்குக் கிளம்புகிறார்கள். விசா வந்துவிட்டது, பிரசவ லேகியம் கிண்டியாயிற்று, பருப்புப்பொடி பொட்டலம் கட்டியாயிற்று, பால்காரருக்கும் பேப்பர்காரருக்கும் சொல்லியாயிற்று. ஒரு கேள்வி மட்டும் மேற்கு மாம்பலம் வீட்டு வாசலில் வாலாட்டிக்கொண்டு நிற்கிறது. ப்ரூனோவை யாரிடம் விடுவது?

முப்பது வருடத்துக்கு முன்னால் இந்தக் கேள்வி எழுந்திருக்காது. நாய் வாசலில் கிடந்தது, மிச்சச் சோற்றைத் தின்றது, வீட்டில் பாட்டியோ சித்தப்பாவோ எப்போதும் இருந்தார்கள். இப்போது நாய் ஏசி அறையில் படுக்கிறது. வீட்டில் இருப்பது இரண்டு பேர், அந்த இருவரும் ஒரே விமானத்தில் ஏறுகிறார்கள். எதிர்வீட்டு மாமி ஒரு வாரம் சமாளிப்பார், ஆறு மாதம் சமாளிக்க மாட்டார். 2020 ஊரடங்கில் பொழுது போகாமல் குட்டி வாங்கிய ஐ.டி. ஊழியர்களை அலுவலகம் திரும்பக் கூப்பிட்டபோது, ஊருக்குப் போகாதவர்களுக்கும் ஆள் தேவைப்பட்டது. பெட் சிட்டிங் சென்னையில் ஒரு பிழைப்பாக ஆனது இப்படித்தான்.

முதலீடு என்று பார்த்தால் ஒரு ஸ்கூட்டரும் ஒரு போனும். நிறையப் பேர் இறங்குவதற்குக் காரணம் அதுதான். ஒரு தீபாவளியைப் பார்த்ததும் பலர் கரையேறிவிடுவதற்கான காரணங்கள் வேறு.

இதில் இரண்டு வகை உண்டு. பிராணியை நம் வீட்டுக்கு வாங்கி வைத்துக்கொள்வது ஒன்று. அதை போர்டிங் என்கிறார்கள், சிலர் ஹாஸ்டல் என்கிறார்கள். பிராணி இருக்கும் வீட்டுக்கு நாம் போய்ப் பார்த்துவிட்டு வருவது இன்னொன்று. கேட்க முதலாவது சுலபம்: அலைச்சல் இல்லை, ஒரே நேரத்தில் நான்கைந்து நாய்களை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் இருக்கும் ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. உண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் நாய்களில் ஏறும் பழுப்பு உண்ணி, ரத்தம் குடித்து முடித்ததும் கீழே விழுந்து சுவர் விரிசலுக்குள் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சென்னை வெயிலில் அதற்கு வருடம் முழுக்கப் பருவம்தான். ஒரு நாயோடு வந்து இறங்கிய உண்ணி, அந்த நாய் போன பிறகும் வீட்டை விட்டுப் போகாது. அது பரப்பும் உண்ணிக்காய்ச்சல் கடித்த அன்றே தெரியாது, வெளிப்பட ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். நாய் நல்லபடியாக வீடு திரும்பும், பதினைந்தாவது நாள் சோறு இறங்காமல் சுருண்டு படுக்கும். பழி யார் மேல் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் அனுபவசாலிகள் நாயை வாங்கும்போதே உரிமையாளரை நிறுத்திவைத்து, காது மடல், விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் எல்லாம் விலக்கிப் பார்த்து, போனில் படமும் எடுத்துக்கொள்கிறார்கள்.

நாய்களைத் தாக்கும் பார்வோ வைரஸ் இதைவிட மோசம். தடுப்பூசி முடியாத ஒரு குட்டி வயிற்றுப்போக்கோடு வந்துவிட்டுப் போனால், அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பினாயில் ஊற்றித் துடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம் வீட்டு நம்பிக்கை இங்கே செல்லாது. பார்வோவுக்கு பிளீச்சிங் கரைசல்தான். பூனை இருக்கும் வீட்டிலோ பினாயிலையே எடுக்கக் கூடாது. பூனை பாதத்தை நக்கும், அதன் ஈரலால் அந்த விஷத்தைச் சமாளிக்க முடியாது. தடுப்பூசிப் புத்தகத்தைக் காட்டாத நாய்க்கு இடமில்லை என்று சொல்ல நா எழாதவர்கள் போர்டிங் பக்கம் போகாமல் இருப்பது உத்தமம். சொந்த அத்தை மகன் நாயாக இருந்தாலும் அப்படித்தான்.

தொடங்குகிறவர்களுக்குப் பூனை வீடுகளைத்தான் நான் சிபாரிசு செய்வேன். பூனைக்கு ஆளைவிட இடம் முக்கியம். இடம் மாற்றினால் இரண்டு நாள் பீரோவுக்கு அடியிலேயே கிடக்கும். ஆகவே நாம்தான் போக வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு தடவை போதாதா, சாப்பாடு வைத்துவிட்டு வந்தால் ஆகாதா என்று வாடிக்கையாளர் பேரம் பேசுவார். போதாது. ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடக்கும் பூனைக்கு, அதுவும் குண்டுப் பூனைக்கு, ஈரலில் கொழுப்பு சேர்ந்துவிடும். லிட்டர் பெட்டியில் எத்தனை உருண்டை, கிண்ணத்தில் எவ்வளவு மிச்சம் என்று காலையும் மாலையும் பார்த்தால்தான் இது பிடிபடும். அழகான வீடியோவைவிட "இன்னிக்கு மூணு தடவை மூத்திரம் போயிருக்கு அக்கா" என்ற வாட்ஸ்அப் வரி பெரிய சேவை.

வருமானத்துக்கு வருவோம். ஒரு நடைக்கு 400 ரூபாய், வீட்டுக்குள் முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். வேளச்சேரியில் இருப்பவர் அண்ணா நகரில் ஒரு பூனைக்கு ஒப்புக்கொண்டால், நெரிசலில் போக ஒரு மணி, வர ஒரு மணி. அந்த 400 ரூபாய்க்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் போகிறது, பெட்ரோல் தனி. அதே ஆள் வேளச்சேரியிலேயே இரண்டு கிலோமீட்டருக்குள் நான்கு வீடு பிடித்தால் மூன்றரை மணி நேரத்தில் 1,600 ரூபாய். வாடிக்கையாளரின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இந்தக் கணக்கு கண்ணில் படுவதில்லை. சென்னை முழுவதும் சேவை என்று இன்ஸ்டாகிராமில் போட்டவர் நாள் முழுக்க வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார். இந்தத் தொழிலை வளர்ப்பது என்றால் முதலில் எல்லையைச் சுருக்குவது. ஒரே அடுக்ககத்தில் மூன்று வீட்டுச் சாவி கையில் இருந்தால், அது ஊரெல்லாம் பரவிக் கிடக்கும் பத்துச் சாவிக்குச் சமம்.

இதைப் பெரும் பணக்காரர்களும் செலவு செய்துதான் கற்றுக்கொண்டார்கள். நாய்களை நடைக்குக் கூட்டிப்போக ஆள் அனுப்பும் 'வேக்' (Wag) என்ற அமெரிக்கச் செயலியில், ஜப்பானின் முதலீட்டு நிறுவனமான சாஃப்ட்பேங்க் 2018 ஜனவரியில் 30 கோடி டாலர் போட்டது. ஊர் ஊராக விரித்தார்கள். இரண்டு வருடம் நிறைவதற்குள் சாஃப்ட்பேங்க் தன் பங்கைக் கொடுத்துவிட்டு வெளியேறியது. 2025இல் அந்த நிறுவனம் திவால் மனுப் போட்டது. இன்னொரு பக்கம், 2011இல் சியாட்டிலில் தொடங்கிய, இதே வகைச் செயலியான ரோவரை, முதலீட்டு நிறுவனமான பிளாக்ஸ்டோன் சுமார் 230 கோடி டாலருக்கு வாங்கியது. ஆக, செயலி என்றாலே தோல்வி என்றும் சொல்ல முடியாது. ஆனால் இரண்டுக்கும் பொதுவான தலைவலி ஒன்று உண்டு. ரோவர் சிட்டரின் கூலியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. முதல் தடவை செயலி வழியாகச் சந்திக்கும் இருவருக்கும் மனம் ஒத்துப்போனால், அடுத்த தடவை நடுவில் செயலி எதற்கு? நேராகப் போன் போட்டுக்கொள்வார்கள். சின்ன அளவில் தொழில் செய்பவருக்கு இதில் ஒரு நிம்மதி இருக்கிறது. வீட்டுச் சாவியைக் கொடுப்பவர் ஆளைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்.

சாவி என்றதும் ஒரு விஷயம். சாவிக்கொத்தில் முகவரியை எழுதி மாட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. எண் மட்டும் போதும். எந்த எண் எந்த வீடு என்பது தனி நோட்டில், நோட்டு வீட்டில். குடும்பம் ஊரில் இல்லாத வாரத்தில் அந்த வீட்டு பால்கனி தெரிகிறாற்போல் பூனையோடு ரீல்ஸ் போடுவது திருடனுக்குப் பத்திரிகை வைத்து அழைப்பதுதான். படமெல்லாம் அவர்கள் திரும்பி வந்த பிறகு, அவர்களைக் கேட்டுக்கொண்டு போடலாம். நல்ல விளம்பரம் வேண்டுமென்றால் பக்கத்துக் கால்நடை மருத்துவரின் காத்திருப்பு பெஞ்சில்தான் இருக்கிறது. "நாங்க திருப்பதி போனப்போ இவங்கதான் பார்த்துக்கிட்டாங்க" என்று ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம் சொல்வதற்கு ஈடான விளம்பரம் கிடையாது.

முதல் சந்திப்புக்குக் காசு வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வாங்காமலே போகலாம், ஆனால் போகாமல் இருக்கக் கூடாது. அங்கேதான் "எங்க பையன் ரொம்ப சாது" என்ற பையன், வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே பல்லைக் காட்டுவது தெரியவரும். கேட்க வேண்டியதையெல்லாம் அன்றே கேட்டு எழுதிவிட வேண்டும். எந்த மருந்து, எந்த நேரத்துக்கு, எதில் மறைத்துக் கொடுத்தால் விழுங்கும், எந்த மருத்துவர், இடிக்குப் பயமா, கருத்தடை ஆயிற்றா, சாப்பிடும்போது கிட்டே போனால் உறுமுமா. திராட்சையும் வெங்காயமும் சாக்லேட்டும் நாய்க்கு ஆகாது என்பதை அன்றே சொல்லியும்விடலாம். கிஸ்மிஸ் போட்ட சர்க்கரைப் பொங்கலைப் பிரசாதமாக ஊட்டும் வீடுகள் உண்டு.

எழுத்தில் வாங்க எல்லோரும் கூச்சப்படும் கேள்வி ஒன்று இருக்கிறது. நீங்கள் விமானத்தில் இருக்கும்போது ப்ரூனோவுக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் யார் முடிவெடுப்பது, எத்தனை ரூபாய் வரை? பன்னிரண்டு வயது நாயானால், அது இறந்துபோனால் உடலை என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் அபசகுனமாகப் பேசுகிறாயே என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சுளிக்கட்டும். இரவு இரண்டு மணிக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஆட்டோவில் போய்க்கொண்டிருக்கும்போது அந்தக் காகிதத்தின் அருமை தெரியும்.

சட்டமும் சிட்டரை விட்டுவைக்கவில்லை. 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பூங்காவில் ஒரு சிறுமியை ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறிய பிறகு, வளர்ப்பு நாய் உரிமம் பற்றிய பேச்சு சென்னையில் சூடு பிடித்தது. மாநகராட்சி உரிமத்துக்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும். உரிமம் எடுப்பது உரிமையாளர் வேலை, அதன் நகலைக் கேட்டு வாங்குவது சிட்டர் வேலை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவு, தன் வசமுள்ள விலங்கை அஜாக்கிரதையாக விடுபவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ என்கிறது. நடைக்குக் கூட்டிப்போகும் நேரத்தில் நாய் யார் வசம்? சங்கிலியைப் பிடித்திருப்பவர் வசம். நாய் நம்மையே கடிப்பதும் உண்டு. சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றே ஊசிக்குப் போக வேண்டும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கடி வாங்கும் முன்பே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். இங்கிலாந்தில் வீட்டில் நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்ளவே உள்ளாட்சியின் உரிமம் வேண்டும். 2018 விதிகளின்படி ஆய்வு செய்து ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரமும் தருகிறார்கள். இங்கே வாடிக்கையாளரே ஆய்வாளர் என்பதால், சமையலறை முதல் மொட்டைமாடி வரை அவர் கேட்காமலே திறந்து காட்டுவது நல்லது.

பதிவு வேலைகள் பெரிதில்லை. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. பெரிய சிக்கல் வீட்டுக்காரரும் குடியிருப்போர் சங்கமும்தான். அடுக்ககத்தில் நாய் வளர்ப்பதை சங்கம் தடுக்க முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015இலேயே சுற்றறிக்கை அனுப்பியது. அது வளர்ப்பவருக்கான கவசம். ஐந்து விருந்தாளி நாய்களை வைத்துத் தொழில் நடத்துபவர் அதைக் காட்டி வாதாடுவதைவிடத் தனி வீடு பார்ப்பது மேல்.

பருவம் பார்த்துத்தான் பணம் வரும். மே மாதம், தீபாவளி, பொங்கல், வருடக் கடைசி என்றால் போன் ஓயாது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் அடங்கும், கல்யாணமில்லாத ஆடியில் படுத்தே விடும். அந்த மாதங்களுக்கு மூச்சு கொடுப்பது தினசரி நடையும், அலுவலகம் போகிறவர்களின் பகல்நேரப் பொறுப்பும்தான். பண்டிகைக்குக் கூடுதல் கட்டணம் வைப்பதில் பாவம் ஒன்றுமில்லை, நாமும் அன்று வீட்டில் இருப்பதில்லை. பாதிப் பணம் முன்கூட்டியே. முன்பணம் கேட்டதும் மறைந்துவிடுபவர் கடைசி நிமிடத்திலும் மறைந்துதான் போவார்.

தீபாவளிதான் பரீட்சை. பட்டாசுக்குக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று அரசு நேரம் குறித்திருக்கிறது. தெருப் பையன்கள் அந்த அட்டவணையைப் பார்த்ததில்லை. முந்தின வாரமே வெடி ஆரம்பிக்கும். எப்போதும் சங்கிலி இல்லாமல் பின்னாலேயே வரும் நாய்கூட அன்று ஒரு லட்சுமி வெடிக்கு மிரண்டு தலைதெறிக்க ஓடும். வெடிச்சத்தம் தொடங்கும் முன் நடையை முடித்து, ஜன்னல் சாத்தி, மின்விசிறியும் டி.வி.யும் போட்டு, கழுத்துப்பட்டையில் நம் போன் எண்ணையும் கட்டிவிட வேண்டும். அடுத்தது மழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தெருவுக்குள் படகு வந்தது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் தரைத்தள வீட்டில் போர்டிங் எடுப்பவர், மேல்மாடியில் இடம் கேட்டு வைத்துக்கொண்டுதான் ஒப்புக்கொள்ள வேண்டும். பூனை வீடு நடந்து போகிற தூரத்தில் இருப்பதன் மதிப்பு அன்றைக்குத் தனியாகத் தெரியும்.

ஒரு கட்டத்தில் உதவிக்கு ஆள் வேண்டியிருக்கும். "ஏன் தம்பி, நீங்க வரலையா?" என்று வாடிக்கையாளர் முகம் வாடும். அதற்கு ஒரே வழி, முதல் சந்திப்பிலிருந்தே இரண்டு பேராகப் போவது. பிராணிக்கும் இரண்டு வாசனை பழகும், நமக்குக் காய்ச்சல் வந்தாலும் சோறு நிற்காது. உதவியாளருக்கு நடைக்கு இத்தனை என்று கொடுப்பதைவிட மாதச் சம்பளம் கொடுப்பதே நல்லது. ஆடியில் வருமானம் இல்லையென்று அவர் போய்விட்டால், ஐப்பசியில் புது ஆளை நான்கு நாயிடம் முகர்ந்து பார்க்க விட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்காது. தொழில் கற்றுக்கொண்டு அவரே தனியாக ஆரம்பித்துவிடுவார் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. பெரும்பாலும் அது நடக்கவும் செய்யும். அவர் தாம்பரத்துக்காரர் என்றால் தாம்பரத்தில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். இத்தனை நாள் தூரம் என்று திருப்பி அனுப்பிய தாம்பரம் அழைப்புகளைக் கொடுக்க ஓர் ஆள் கிடைத்தார், அவருக்கு வரும் வேளச்சேரி அழைப்புகள் உங்களிடம் வரும்.