பருப்பு வேகவில்லையா? தண்ணீரையும் பாருங்கள்

"அண்ணா, உங்க கடைப் பருப்பு ஆறு விசில் விட்டும் வேகல" என்று பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவரும் வாடிக்கையாளரைச் சந்திக்காத மளிகைக் கடைக்காரர் நம் காவேரிப்பாக்கம், வாலாஜா, ஆற்காடு வட்டாரத்தில் இருக்க முடியாது. கோடை வந்தால் இந்தப் புகார் கூடும். நாமும் பல ஆண்டுகள் மறுபேச்சில்லாமல் பருப்பை மாற்றிக் கொடுத்திருக்கிறோம். சரக்கு தந்த மொத்த வியாபாரியிடம் சண்டையும் போட்டிருக்கிறோம். ஒருமுறை அவர் அதே மூட்டையில் ஒரு பிடி எடுத்துத் தம் ஊர்த் தண்ணீரில் வேகவைத்துக் காட்டினார். குழைந்துவிட்டது! அதன் பிறகுதான் தண்ணீரைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினோம்.

நிலத்தடி நீர் பாறைகளுக்கிடையே ஊறி வரும்போது சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்தையும், மக்னீசியத்தையும் கரைத்துக் கொள்கிறது. இவை மிகுந்த தண்ணீரே கடின நீர். பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பசை வெந்நீரில் கரைந்தால்தான் பருப்பு குழையும். கால்சியம் அந்தப் பசையைப் பிடித்து இறுக்கிவிடுகிறது. ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போட்டால் வேகும்; ஆனால் ருசி மாறும், பருப்பிலுள்ள பி-1 வைட்டமினும் குறையும். புளியை முன்னதாகவே ஊற்றினாலும் பருப்பு வேகாது என்பதைச் சமைப்பவர்கள் அறிவார்கள்.

கடினத்தில் இரண்டு வகை உண்டு. பைகார்பனேட்டாகக் கரைந்திருப்பது கொதிக்க வைத்தால் வெள்ளையாகப் படிந்துவிடும். டீக்கடை பாய்லரின் உட்புறம் தட்டினால் உதிரும் காரை அதுதான். சல்பேட், குளோரைடாக இருப்பது எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. இதை நிரந்தரக் கடினம் என்பார்கள்.

இதுவரை சொன்னது கற்பாறை நிலத்திலுள்ள எந்த ஊருக்கும் பொருந்தும். நம் பகுதிக்கு இன்னொரு சங்கதி உண்டு. காவேரிப்பாக்கம் தோல் ஊர் அல்ல. ஆனால் நம் பெரிய ஏரிக்குத் தண்ணீர் வருவது வாலாஜாபேட்டை அருகே 1858ல் கட்டிய பாலாறு அணைக்கட்டிலிருந்து. அந்த ஆற்றின் மேற்கே வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புத் தடவி வைப்பார்கள். பதனிடும்முன் அந்த உப்பைக் கழுவி எடுப்பார்கள். முடி நீக்கச் சுண்ணாம்பில் ஊறப்போடுவார்கள். ஆவாரம்பட்டை முறை குறைந்து குரோமிய முறை பெருகியபோது குரோமியமும் கழிவோடு சேர்ந்தது. நிலத்தில் இறங்கிய உப்பு, மண்ணில் ஒட்டியிருக்கும் கால்சியத்தையும் பெயர்த்து நீரில் விடுகிறது. எனவே உப்பு மிகும் இடத்தில் கடினமும் கூடிவிடுகிறது.

இதற்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991ல் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில் கூறி, ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் ரூ.10,000 அபராதம் விதித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ கெட்டுவிட்டதாக அத்தீர்ப்பிலேயே குறிப்பிடப்பட்டுள்ளது. அத்தோடு விவகாரம் தீரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மறுபடியும் கடுமையாகப் பேசி, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கவும், கண்காணிப்புக் குழு அமைக்கவும் உத்தரவிட வேண்டி வந்தது. தோல் தொழிலை நம்பி நம்மிடம் கணக்கு வைத்திருக்கும் குடும்பங்கள் எத்தனையோ! அந்தத் தொழில் வாழ வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. தண்ணீரும் வாழ வேண்டும்.

இனி கடை விஷயத்துக்கு வருவோம். புகார் வந்தால் சரக்கு மேல் பழியா, தண்ணீர் மேல் பழியா என்று வாதாட வேண்டாம். மூன்று பாத்திரங்களில் அதே பருப்பு 100 கிராம் வீதம் போடுங்கள். ஒன்றில் குழாய்த் தண்ணீர். இரண்டாவதில் மழை நீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர். மூன்றாவதில் கால் மணி நேரம் கொதிக்க வைத்து, ஆறித் தெளிந்தபின் மேலாக இறுத்த குழாய்த் தண்ணீர். ஒரே அளவு தீயில், ஒரே நேரம் வேகவையுங்கள். மூன்றிலும் வேகாவிட்டால் பருப்பு பழசு. உஷ்ணத்திலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் கிடந்த பருப்பு எந்தத் தண்ணீரிலும் இறுகித்தான் நிற்கும். அப்போது மாற்றிக் கொடுப்பதே மரியாதை. முதல் பாத்திரத்தில் மட்டும் வேகாவிட்டால் கொதித்துப் போகும் கடினம். முதலும் மூன்றும் வேகாவிட்டால் நிரந்தரக் கடினம். வாடிக்கையாளர் கண்ணெதிரே செய்து காட்டினால் பொட்டலம் திரும்பி வருவது தானாகக் குறையும்.

சோப்பு விற்பனையிலும் இதே கதைதான். கட்டி சோப்பு கடின நீரில் நுரைக்காமல் தயிர் போலத் திரிந்து துணியில் ஒட்டும். சலவைத் தூளுக்கு அந்தத் தொல்லை குறைவு. வாஷிங் சோடா கால்சியத்தைப் படிய வைக்கும் என்பதால் துணி ஊறவைக்க நல்லது. ஆனால் அதையும் ஆப்ப சோடாவையும் ஒரே தட்டில் பொட்டலம் கட்டி வைக்காதீர்கள். அவசரத்தில் கை மாறினால் வம்பு.

ஆர்.ஓ. கருவி விற்க வருகிறவர்கள் இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சிப் பழுப்பாக்கிக் காட்டுவதுண்டு. அந்தப் பழுப்பு பெரும்பாலும் கம்பியின் இரும்பு! கையடக்கமான டி.டி.எஸ். மீட்டரும் மொத்த உப்பை மட்டுமே உத்தேசமாகச் சொல்லும். அதில் எவ்வளவு கடினம், குரோமியம் உண்டா, கிருமி உண்டா என்று சொல்லாது. காய்ச்சினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நினைப்பும் தவறு. கிருமி சாகும், உப்பும் குரோமியமும் நீர் ஆவியாக ஆவியாகச் செறிவுதான் ஆகும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012ம் ஆண்டுக் குடிநீர் விதிப்படி, மொத்தக் கடினம் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை பொறுக்கலாம். கரைந்த உப்புக்கு இதேபோல் 500, 2,000. குரோமியத்துக்கு 0.05 தான், அதில் தளர்வே கிடையாது.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். கோடையில் ஒருமுறை, மழைக்குப்பின் ஒருமுறை பார்ப்பது நல்லது. குரோமியத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு லிட்டர் சுத்தமான கேனை அதே தண்ணீரில் மூன்று தரம் அலசிவிட்டு நிரப்பி, எந்தக் குழாய், எந்தத் தேதி என்று எழுதி ஒட்டி அன்றே கொடுக்க வேண்டும். கிருமிச் சோதனைக்கு மட்டும் அந்தக் கேன் உதவாது. அதற்கான புட்டியைக் கூடத்திலேயே கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள்.