அலைகடலும் அளவான செலவும்

நுழையும்முன்

கடற்பயணம் என்றவுடன் அலையும் புயலும் நம் நினைவுக்கு வருகின்றன. அரிசிக் கணக்கும் கயிற்றின் விலையும் நினைவுக்கு வருவதில்லை. ஆயினும், சிறு பாய்மரப் படகையே வீடாகக் கொண்டு உலகைச் சுற்றுவோர் காற்றின் திசையை அறிவதோடு கைப்பொருளின் அளவையும் அறிந்திருத்தல் வேண்டும். அவர்கள் எதற்குச் செலவிட்டனர், எதைத் தவிர்த்தனர் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பதினைந்து டாலரும் ஒரு டாலரும்

1895ஆம் ஆண்டு ஏப்ரல் 24 அன்று, அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து ஜோஷுவா ஸ்லோகம் என்னும் கப்பல் தலைவர் தம் சிறு படகில் தனியொருவராகப் புறப்பட்டார். படகின் பெயர் ‘ஸ்பிரே’. அதன் நீளம் 36 அடி 9 அங்குலம். நீராவிக் கப்பல்கள் பெருகியமையால் பாய்மரக் கப்பல் தலைவர்கள் வேலையிழந்து நின்ற காலம் அது. பொருள்வளம் இல்லாத ஸ்லோகமுக்கு 1892இல் நண்பர் ஒருவர் இப்படகை இலவசமாக அளித்தார். ஃபேர்ஹேவன் என்னும் ஊரில் ஒரு வயல்வெளியில் முட்டுக் கொடுத்து நிறுத்தப்பட்டிருந்த பழம்படகு அது. ஸ்லோகம் அதனை ஏறத்தாழ முழுவதும் புதிதாகக் கட்டினார். பொருள்களுக்கான செலவு 553 டாலர் 62 சென்ட். உழைப்பு 13 மாதங்கள். இவ்விரண்டையும் அவர் தம் பயண நூலில் ஒருங்கே பதிவு செய்துள்ளார்.

நடுக்கடலில் தீர்க்கக்கோட்டை அறிய அக்கால மாலுமிகள் குரோனோமீட்டர் எனப்படும் துல்லியக் கடிகாரத்தை நம்பியிருந்தனர். ஸ்லோகமிடமும் அத்தகைய கடிகாரம் ஒன்று இருந்தது. நெடுநாள் பயன்படாமல் கிடந்த அதனைத் துப்புரவு செய்து சீராக்க 15 டாலர் தேவைப்பட்டது. அத்தொகையைச் செலவிட மனமின்றி அவர் அதனை வீட்டிலேயே விட்டுச் சென்றார். வழியில் யார்மவுத் என்னும் துறையில் தகரக் கடிகாரம் ஒன்றை வாங்கினார். ஒன்றரை டாலர் விலையுள்ள அது, முகப்பு உடைந்திருந்ததால் ஒரு டாலருக்குக் கிடைத்தது.

இதனைக் கஞ்சத்தனம் எனக் கருதுவது பொருந்தாது. நிலவு வானில் நிற்கும் இடத்தை அளந்து நேரத்தையும் தீர்க்கக்கோட்டையும் கணிக்கும் பழைய முறையில் ஸ்லோகம் தேர்ந்தவர். பசிபிக் பெருங்கடலில் நிலத்தைப் பிரிந்து 43 நாள்கள் கடந்தபின் அம்முறையாலேயே தம் இருப்பிடத்தைச் சரியாகக் கண்டறிந்தார். பணம் செய்ய வேண்டிய வேலையை அவருடைய அறிவு செய்தது.

அதே மனிதர் படகின் கட்டுமானத்தில் சிக்கனம் பார்க்கவில்லை. படகின் முன்முனைக்கு உறுதிமிக்க ஓக் மரத்தின் அடித்துண்டைத் தேர்ந்து பொருத்தினார். பின்னர் இந்தியப் பெருங்கடலின் கீலிங் தீவுகளில் அம்முனை பவளத்திட்டு ஒன்றில் மோதியது. பிளந்தது பவளத்திட்டு, மரத்திற்குச் சிறு வடுவும் ஏற்படவில்லை. கடிகாரத்தில் செலவைக் குறைத்தவர், கட்டுமரத்தில் அதனைக் குறைக்கவில்லை. கடல்வாழ்வுக்கான வரவுசெலவுத் திட்டத்தின் அடிப்படை இவ்வேறுபாட்டில் அடங்கியுள்ளது.

படகில் வாழ்வோரின் செலவுகள்

இன்றும் பல நாட்டினர் தம் வீட்டை விற்றோ வாடகைக்கு விட்டோ, பாய்மரப் படகில் குடியேறி ஆண்டுக்கணக்கில் பயணம் செய்கின்றனர். அவர்களுடைய செலவுகளை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, தொடக்கச் செலவு. படகின் விலையோடு இது முடிவதில்லை. புதிய பாய்கள், நங்கூரம், சங்கிலி, உயிர்காப்பு மிதவை, வானொலிக் கருவி, சூரிய மின்தகடு ஆகியனவும் இதில் அடங்கும். கையிலுள்ள பணம் முழுவதையும் படகு வாங்கவே செலவிட்டோர், துறைமுகத்தை விட்டு அகல இயலாமல் நிற்க நேரிடுகிறது.

இரண்டாவது, நிலையான செலவு. படகு ஓடினும் நின்றாலும் இது தொடரும். நீரில் மூழ்கியிருக்கும் அடிப்பகுதியில் பாசியும் கொட்டலசும் ஒட்டிக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். எனவே, படகைக் குறித்த கால இடைவெளியில் கரையேற்றிச் சுரண்டி, அவற்றைத் தடுக்கும் வண்ணத்தைப் பூசுதல் வேண்டும். பாய்மரத்தைத் தாங்கும் எஃகு வடங்களும் உப்புக்காற்றில் நாளடைவில் வலுவிழக்கும். அவற்றையும் காலத்தே மாற்றுதல் வேண்டும். பராமரிப்புக்கென ஆண்டுதோறும் படகின் விலையில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்குவது படகோட்டிகளிடையே வழங்கும் தோராயக் கணக்கு. காப்பீட்டுக் கட்டணமும் இவ்வகையைச் சேர்ந்ததே.

மூன்றாவது, மாறும் செலவு. உணவு, எரிபொருள், துறைமுக வாடகை முதலியன இதில் அடங்கும். படகுத்துறையில் கட்டி நிறுத்தினால் படகின் நீளத்திற்கேற்ப நாள்தோறும் கட்டணம் செலுத்த வேண்டும். பல விரிகுடாக்களில் நங்கூரமிட்டு நிற்பதற்குக் கட்டணமே இல்லை. ஆகவே, நல்ல நங்கூரத்திற்குச் செலவிட்ட பணம், துறைமுக வாடகை மிச்சமாவதால் மீண்டும் கைக்கு வந்து சேர்கிறது.

நான்காவது, இடையிடையே வரும் பெருஞ்செலவு. நுழைவுக் கட்டணம், மருத்துவம், ஊருக்குத் திரும்ப விமானச் சீட்டு ஆகியன இவ்வகையின. அட்லாண்டிக் கடலிலிருந்து பசிபிக் கடலுக்குச் செல்வோர் பனாமா கால்வாயைக் கடக்கக் கட்டணம் செலுத்துகின்றனர். சிறு படகாயினும், ஓட்டுபவரைத் தவிரக் கயிறு பிடிக்க நால்வரும், ஒவ்வொன்றும் 125 அடிக்குக் குறையாத நான்கு கயிறுகளும் வேண்டும். 1914இல் திறக்கப்பட்ட அக்கால்வாய் ஸ்லோகமின் காலத்தில் இல்லை. எனவே, அவர் தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள மகெல்லன் நீரிணை வழியே சென்று பெரும் இடர்ப்பாடுகளுக்கு உள்ளானார். கட்டணம் கொடுத்துக் கடப்பது சில வேளைகளில் உயிரைக் காக்கும் சிக்கனமாகிறது.

தெரிந்து தெளிவோம்

ஒரே வடிவமுள்ள இரு படகுகளில் ஒன்றின் நீளம் மற்றதைப்போல் இருமடங்கு எனக் கொள்வோம். அதன் அடிப்பகுதிக்கு நான்கு மடங்கு வண்ணம் தேவைப்படும். அதன் எடை ஏறத்தாழ எட்டு மடங்காகும். எடை கூடக் கூட நங்கூரம், சங்கிலி, கயிறு, பொறி ஆகிய அனைத்தும் பெரிதாகும். நீளம் கூடுவதைவிடச் செலவு விரைந்து கூடுவதன் காரணம் இதுவே.

விரலுக்கேற்ற வீக்கம்

கணவனும் மனைவியுமாகிய இருவரிடம் 60,000 டாலர் சேமிப்பு உள்ளதாகக் கற்பனை செய்வோம். அவர்கள் 50,000 டாலருக்குப் பெரிய படகு ஒன்றை வாங்கினால் மீதி 10,000 டாலர். பத்தில் ஒரு பங்கு என்னும் கணக்கின்படி ஆண்டுப் பராமரிப்பு 5,000 டாலர். மாதம் 1,000 டாலர் வீதம் வாழ்க்கைச் செலவு 12,000 டாலர். ஆக, ஆண்டுக்கு 17,000 டாலர் தேவை. கையிருப்பு ஏழு மாதங்களில் தீர்ந்துவிடும். அவர்களே 20,000 டாலருக்குச் சிறிய படகு வாங்கினால் மீதி 40,000 டாலர். பராமரிப்பு 2,000 டாலராகக் குறைவதால் ஆண்டுச் செலவு 14,000 டாலர்தான். கையிருப்பு ஏறத்தாழ 34 மாதங்களுக்குப் போதுமானது. எளிய வகுத்தல் கணக்கு இது. ஆயினும், இரண்டு முடிவுகளுக்கும் இடையே இரண்டு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பயணம் உள்ளது. பெரிய படகு அறைகளைத் தருகிறது. சிறிய படகு நாள்களைத் தருகிறது.

இவ்வுண்மையை வாழ்ந்து காட்டியவர்கள் லின் பார்டி, லாரி பார்டி இணையர். அவர்கள் தம் கைகளாலேயே கட்டி 1968இல் நீரில் இறக்கிய ‘செராஃபின்’ என்னும் படகின் நீளம் ஏறத்தாழ 24 அடி. அதில் பொறி இல்லை. ஆகவே எரிபொருட் செலவும் பொறியைப் பழுதுபார்க்கும் செலவும் இல்லை. காற்றை மட்டும் நம்பிய அப்படகில் 11 ஆண்டுகள் பயணம் செய்து அவர்கள் உலகைச் சுற்றினர். செல்லும் இடங்களில் பிறருடைய படகுகளைச் செப்பனிட்டும், கட்டுரைகளும் நூல்களும் எழுதியும் பொருளீட்டினர். தம் கையால் கட்டிய படகாதலின், எந்தப் பழுதையும் தாமே நீக்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

காலமும் கணக்கில் சேரும்

கடலோடியின் செலவுத் திட்டத்தில் பருவகாலத்திற்கும் இடமுண்டு. அட்லாண்டிக் கடலில் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயற்காலம். அம்மாதங்களில் படகுகள் புயல் எல்லைக்கு அப்பால் ஒதுங்கி நிற்கின்றன. தென் பசிபிக்கில் செல்வோர் பலர் நியூசிலாந்தில் தங்குவது இதனாலேயே. பயணம் நின்றாலும் செலவு நிற்பதில்லை. தேர்ந்தவர்கள் இக்காத்திருப்பைப் பழுதுபார்ப்பதற்கும் பொருளீட்டுவதற்கும் பயன்படுத்திக்கொள்கின்றனர்.

இடமும் விலையை மாற்றுகிறது. பசிபிக்கின் சிறு தீவுகளுக்குப் பல பொருள்கள் தொலைவிலிருந்து கப்பலில் வருவதால் அங்கு விலை மிகுதி. எனவே, அரிசி, பருப்பு, மாவு, எண்ணெய் போன்றவற்றைப் பனாமாவிலேயே மொத்தமாக வாங்கி அடுக்கிக்கொள்வர். மழைநீரைத் துணிவிதானத்தில் ஏந்திக் கலன்களில் நிரப்புவர். வழியில் மீன் பிடிப்பர்.

வழியில் பிறக்கும் வரவு

கையிருப்பு குறையும்போது வரவுக்கான வழியையும் தேட வேண்டியிருக்கிறது. ஸ்லோகம் பல துறைகளில் தம் பயணம் குறித்துச் சொற்பொழிவாற்றிப் பொருள் பெற்றார். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் சுவையான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. அத்துறைமுகத்தில் டன்னுக்கு ஆறு பென்னி வரி விதித்தனர். ஸ்பிரேயின் டன் அளவு 13 டன்னுக்குச் சற்றுக் குறைவே. எனினும் முழுதாக 13 டன்னுக்கு ஆறு ஷில்லிங் ஆறு பென்னி பெற்றுக்கொண்டனர். படகைக் காண வந்தோரிடம் ஆளுக்கு ஆறு பென்னி வாங்கி ஸ்லோகம் அதனை ஈடுசெய்தார். பதின்மூன்று பேர் வந்தாலே வரித்தொகை முழுவதும் கைக்கு வந்துவிடும்! கூட்டம் குறைந்தபோது சுறா ஒன்றைப் பிடித்து, அதனைக் காண்பதற்கும் ஆறு பென்னி பெற்றார்.

குறைக்கக் கூடாதவை

செலவைக் குறைப்பது கடல்வாழ்வில் இன்றியமையாதது. உணவகத்தைத் தவிர்க்கலாம், படகுத்துறையைத் தவிர்க்கலாம், ஆடம்பரக் கருவிகளைத் தவிர்க்கலாம். இவற்றைத் தவிர்ப்பதால் வசதி குறையுமேயன்றி உயிருக்கு ஊறு நேராது. ஆனால், தேய்ந்த வடத்தை ‘இன்னும் ஓராண்டு தாங்கும்’ எனத் தள்ளிவைத்தால், கரையிலிருந்து ஆயிரம் மைல் தொலைவில் பாய்மரமே முறிந்து விழக்கூடும். நங்கூரச் சங்கிலியில் துருவேறிய ஒரு வளையம் நள்ளிரவுக் காற்றில் படகைப் பாறைக்கு இரையாக்கிவிடும். கரையில் தள்ளிவைத்த செலவு கடலில் பன்மடங்காகத் திரும்பி வருகிறது. எக்காரணம் பற்றியும் தொடாத அவசர நிதி ஒன்றைப் படகோட்டிகள் தனியே வைத்திருப்பதும் இதுபற்றியே. படகைக் கைவிட்டுக் கரையேற வேண்டிய நிலை நேர்ந்தாலும் ஊர் திரும்ப அது உதவும்.

1898ஆம் ஆண்டு ஜூன் 27 அன்று ஸ்லோகம் அமெரிக்காவின் நியூபோர்ட் துறைக்குத் திரும்பினார். 46,000 மைலுக்கும் மேற்பட்ட தொலைவை மூன்று ஆண்டுகளுக்கு மேல் பயணம் செய்து, உலகைத் தனியே படகில் சுற்றிவந்த முதல் மனிதர் என்னும் புகழைப் பெற்றார். பதினைந்து டாலர் கடிகாரம் இல்லாமலேயே அப்பயணம் நிறைவேறியது. உறுதியான ஓக் மரம் இல்லாமல் நிறைவேறியிருக்காது. எதை விட்டுச் செல்லலாம், எதை விட்டுச் செல்லக் கூடாது என்பதை அவர் கரையில் இருந்தபோதே முடிவு செய்திருந்தார்.