ஆறு மூச்சுவிடும் வாசல்

மாசி மகத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் தம்பி மகளை அழைத்துக்கொண்டு விடியற்காலையிலேயே பரங்கிமலை ஏறிவிட்டேன். காலையில் மலை, வெயில் ஏறுமுன் அடையாற்றின் முகத்துவாரம், பிற்பகலில் முட்டுக்காட்டில் படகு. இதுதான் எங்கள் திட்டம். மகத்துக்கு மறுநாளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுக்கின்றன. ஓதத்தின் ஏற்றமும் வற்றமும் அப்போதுதான் பெரிதாக இருக்கும். ஆற்று வாயைப் பார்க்கப் போகிறவர்கள் அந்த நாளில் போவது நல்லது.

மலை என்றாலும் உயரம் சுமார் 300 அடிதான். மேற்கே விமான நிலையம் விரிந்து கிடக்கிறது. அதன் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றைத் தாண்டிச் செல்கிறது. ஆற்றின் மேல் பாலம் கட்டி, அந்தப் பாலத்தின் மேல் ஓடுபாதை போட்டிருக்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையம் சில நாட்கள் மூடிக்கிடந்ததைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நாங்கள் உட்கார்ந்திருந்த பாறையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. கொத்தனார்கள் இதைக் கருங்கல் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். புவியியலாளர்களுக்கு இது சார்னோக்கைட். கொல்கத்தா நகரை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கு இந்தப் பக்கத்திலிருந்து கல் போயிருந்தது. அந்தக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர், 1893ல் இந்தப் பாறை வகைக்குச் சார்னோக்கின் பெயரையே வைத்தார். இன்று அன்டார்டிகாவில் இதே வகைப் பாறையைப் பார்த்தாலும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். பெயர் கொல்கத்தாக்காரருடையது, மூலப்பாறை நம் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறை. உடைந்த முகத்தை உற்றுப் பாருங்கள்: எண்ணெய் தடவியது போல ஒரு மினுமினுப்பு, நீலம் பாய்ந்த சாம்பல் நிறம். பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில், ஏறக்குறைய நீரே இல்லாத சூழலில் உருவான கல் இது. வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். நீரில்லாமல் பிறந்த இந்தக் கல்லை, மேலே வந்த பிறகு மழையும் காற்றும் கொஞ்சம் கொஞ்சமாகப் பொடித்து மணலாக்குகின்றன. அந்த மணலைக் கடற்கரையில் மறுபடி சந்திக்கப் போகிறோம்.

உச்சியில் வில்லியம் லாம்டனின் மார்பளவுச் சிலை இருக்கிறது. 1802 ஏப்ரல் 10 அன்று அவர் இந்த மலையடிவாரத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் வரை ஏழரை மைல் தூரத்தை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். முடிக்க 57 நாட்கள் ஆயின. எவரெஸ்டின் உயரத்தைச் சொன்ன மாபெரும் நில அளவைக்கு அதுதான் அடிக்கோடு. சித்திரை வெயிலில் எஃகு நீளும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த முழுத் தூரத்தில் ஒன்றரை மீட்டர் அளவுக்குப் பிழை வந்துவிடும். அதனால் சங்கிலிக்கு நிழல் கட்டி, பக்கத்தில் வெப்பமானி வைத்து அளந்தார்கள்.

மலைப்படிகளைக் கட்டிக்கொடுத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். அவரே 1726ல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே ஒரு பாலமும் கட்டினார். இன்றைய மறைமலை அடிகள் பாலம் அந்த இடத்தில்தான் நிற்கிறது. யாத்திரிகர்கள் மலைக்கு வர ஆறு தடையாக இருந்திருக்கிறது. இன்று அதே ஆற்றைப் பேருந்தில் கடக்கும்போது நாம் செய்வது ஜன்னலை மூடுவது. எங்கள் பேருந்திலும் மூன்று ஜன்னல்கள் மூடப்பட்டன. "பெரியப்பா, ஆறு ஏன் இப்படி நாறுது?" என்று கேட்டாள். சாக்கடை என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். பதில் அதைவிடப் பெரியது என்பதால் கடற்கரை வரட்டும் என்றேன்.

பெசன்ட் நகரில் இறங்கி, ஊரூர் குப்பத்தின் வழியாக மணலில் வடக்கே நடந்தோம். மீன் வலைகள், ஏற்றி வைத்த படகுகள், அதற்கப்பால் உடைந்த பாலம். 1967ல் கட்டிய அந்தப் பாலம் 1977 வெள்ளத்தில் முறிந்தது; இன்றுவரை அப்படியே நிற்கிறது.

வீட்டிலிருந்து ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துவரச் சொல்லியிருந்தேன். அலை விட்டுச்சென்ற கறுப்புக் கோடுகளின் மேல் அதை வைத்து இழுத்தாள். பையின் மேல் கறுப்பு மயிர்போல மணல் குத்திட்டு நின்றது. மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம். அதோடு சேர்ந்தே இல்மனைட், கார்னெட் போன்ற கனமான தாதுக்களும் கிடக்கும். பாறை சிதையும்போது அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிக் கரைந்து போகிறது. குவார்ட்ஸ் வெள்ளை மணலாக மிஞ்சுகிறது. கனத்த கறுப்புத் துகள்களை அலை தூக்கிப்போக முடியாமல் கோடு போட்டு விட்டுச் செல்கிறது. காலையில் உட்கார்ந்த பாறையின் உறவுக்காரத் துகள்கள் இவை. ஆனால் இந்த மணல் எல்லாம் அடையாறு கொண்டுவந்தது அல்ல. அடையாறு 42 கிலோமீட்டர் நீளமே உள்ள சின்ன ஆறு. தெற்கே பாலாறு போன்ற ஆறுகள் கடலில் கொட்டிய மணலும் கரையோரமாகவே நகர்ந்து இங்கே வந்து சேர்கிறது.

எப்படி நகர்கிறது? அலை கரைக்கு நேராக வருவதில்லை. சாய்வாக வந்து மோதுகிறது. மோதும்போது மணலைச் சாய்வாக மேலே தள்ளுகிறது. திரும்பும்போது நேராகக் கீழே இழுக்கிறது. ஒவ்வோர் அலைக்கும் ஒரு மணல்துகள் இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தால், ஒரு நாளில் எவ்வளவு தூரம் போகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மாசி, பங்குனி வாக்கில் தொடங்கி ஐப்பசி வரை இந்த ஓட்டம் தெற்கிலிருந்து வடக்கே. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே. ஊரூர் குப்பத்து மீனவர்களிடம் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு: வடக்கே ஓடுவது தெண்டி, தெற்கே ஓடுவது வன்னி. பாடப்புத்தகத்தில் இந்தச் சொற்கள் இல்லை என்பது எனக்கு வருத்தம். வருடக் கணக்கில் கூட்டிக் கழித்தால் வடக்கே போகும் மணல்தான் அதிகம். 1870களில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் எழும்பியபோது அந்த மணலுக்கு வழி அடைபட்டது. சுவருக்குத் தெற்கே மணல் குவிந்து குவிந்து உண்டானதுதான் இன்றைய மெரினாவின் அகலம். வடக்கே ராயபுரம் கரைக்கு மணல் வராமல் கடல் ஊரை அரித்தது.

முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தோம். தெற்கிலிருந்து ஒரு மணல் நாக்கு நீண்டு ஆற்றின் வாயைப் பாதிக்கு மேல் மூடியிருந்தது. மிச்சமிருந்த குறுகிய வாயில் வழியாக நீர் கடலை நோக்கி விரைந்துகொண்டிருந்தது. "மழையே இல்லையே, ஆத்துல ஏது இவ்வளவு தண்ணி?" என்றாள். அது ஆற்று நீர் இல்லை. காலை ஏற்றத்தில் உள்ளே புகுந்த கடல்தான் இப்போது வற்றத்தில் வெளியே போகிறது. சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை கடல் இப்படி உள்ளே வந்து வெளியே போகிறது. ஆண்டில் பெரும்பகுதி அடையாற்றின் வாயைத் திறந்து வைத்திருப்பது இந்த மூச்சுதான். அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கிறது; உள்ளே போய் வெளியே வரும் நீர் அந்த மணலை அள்ளித் தள்ளுகிறது. யார் கை ஓங்குகிறதோ அதற்கேற்ப வாய் விரியும், சுருங்கும், மூடியே விடும்.

மாபெரும் முகத்துவாரங்களையும் சின்னஞ்சிறு கழிவாய்களையும் ஒரே கணக்கில் கட்டிவிட முடியும் என்று 1931ல் காட்டியவர் மோரோ ஓப்ரையன் என்ற அமெரிக்கப் பொறியாளர். ஓர் ஓதத்தில் உள்ளே போய் வெளியே வரும் மொத்த நீரின் அளவு கூடினால் வாயின் பரப்பும் கூடும், குறைந்தால் குறையும். இதைச் சொன்னவுடன் ஊரில் நமக்குத் தெரிந்த பல காட்சிகளுக்கு அர்த்தம் வந்துவிடுகிறது. கழியில் ஒரு ஏக்கர் நிலத்தைத் தூர்த்துவிட்டோம் என்று வையுங்கள். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அங்கே ஓதம் அரை மீட்டர் ஏறி இறங்கியிருந்தால், ஒவ்வொரு முறையும் 20 லட்சம் லிட்டர் நீர் வாய் வழியாகப் போய்வந்திருக்கும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் கணக்கிட்டால் கிட்டத்தட்ட 170 லாரி, ஒரு நாளில் இரண்டு நடை. மணலைத் தள்ளிக்கொண்டிருந்த அந்த 170 லாரி நீர், ஒரு ஏக்கர் மேடானதும் வேலையிலிருந்து நின்றுவிடுகிறது. மணலின் கை அந்த அளவுக்கு ஓங்குகிறது. கரையோரத்தில் கட்டடக் கழிவு கொட்டிய ஒவ்வொரு மேட்டுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். தொல்காப்பியப் பூங்காவாக 2011ல் திறக்கப்பட்ட 58 ஏக்கர் அடையாறு உப்பங்கழியைத் தோண்டிச் சீர்செய்ததை நான் கொண்டாடுவது பறவைகளுக்காக மட்டும் இல்லை. நீர் மறுபடி ஏறி இறங்கும் ஒவ்வொரு ஏக்கரும் ஆற்றின் நுரையீரலில் ஒரு துண்டு.

பெரு வெள்ளத்தில் கதை வேறு. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட நீர் மட்டும் வினாடிக்கு 29,000 கன அடி. லாரிக் கணக்கில் வினாடிக்கு 68 லாரி. அப்படிப்பட்ட நீர் மணல் திட்டைக் கரைத்துக்கொண்டு போய்விடும். ஆனால் கரைப்பதற்குள் சற்று நேரமாகும். அந்த நேரத்தில் ஏறும் ஒவ்வோர் அங்குலமும் யாரோ ஒருவருடைய வீட்டுக்குள் போகிறது. மழைக்கு முன்பே பொக்லைன் வைத்து வாயை வெட்டிவிடுவது அதனால்தான். வெட்டியது நிலைக்குமா என்பது உள்ளே போய்வரும் நீரின் கையில்.

இப்போது நாற்றத்துக்கு வருவோம். வாய் மூடிய ஆற்றில் நீர் நிற்கிறது. வீட்டுக் கழிவு அதில் கலக்கிறது. கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சுகின்றன. நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் 6, 7 மில்லிகிராம்தான். அது தீர்ந்ததும் வேறு வகை நுண்ணுயிர்கள் மேலோங்குகின்றன. அவற்றுக்கு ஆக்சிஜன் தேவையில்லை. சல்பேட்டை வைத்துச் சுவாசிக்கும். கடல்நீரில் லிட்டருக்கு 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது. ஆகவே உப்பு ஏறிய முகத்துவாரத்தில் அவற்றுக்கு விருந்து. சல்பேட்டைத் தின்று அவை வெளியே விடுவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டையின் நாற்றம், வெள்ளியைக் கறுக்க வைக்கும் அதே வாயு. சேற்றிலுள்ள இரும்போடு அது சேர்ந்தால் இரும்பு சல்ஃபைடு. அடையாற்றுச் சேற்றின் மைக் கறுப்பு அதுதான். கழிவை நிறுத்துவதுதான் முதல் வேலை, அதில் மாற்றுக் கருத்தே இருக்க முடியாது. கழிவு குறைந்தாலும், மூச்சு வாங்க முடியாத ஆறு தன்னைக் கழுவிக்கொள்ளாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மணலில் உட்கார்ந்து இதைச் சொல்லி முடித்தபோது வாயில் ஓரத்தில் நின்ற ஒருவர் வீச்சு வலையை விரித்து எறிந்தார். இழுத்ததில் நாலைந்து மடவை துள்ளின. இந்த வாசல் வழியாகத்தான் அவை உள்ளே வந்திருக்க வேண்டும்.

சாப்பிட்டுவிட்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு போனோம். அடையாற்றின் குறுக்கே போகும் பக்கிங்காம் கால்வாய் முட்டுக்காட்டுக் கழியையும் தொட்டுச் செல்கிறது. ஒரு காலத்தில் விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் இந்த வழியே போய்வந்தன. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டை 1877-78 பஞ்ச காலத்தில், வேலையற்ற மக்களுக்குக் கூலி கொடுத்து வெட்டினார்கள். அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரே கால்வாய்க்கு நிலைத்தது. அடையாற்றில் ஏறி முட்டுக்காட்டில் இறங்கும் படகுப் பயணம் இன்றைக்கு நடக்காத காரியம். என்றாவது ஒருநாள் அது நடக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

விசைப்படகு வேண்டாம், துடுப்புப் படகு போதும் என்றோம். படகுக்காரர் அறுபதை நெருங்கியவர். கழியின் நடுவே துடுப்பைச் செங்குத்தாக இறக்கிக் காட்டினார், இடுப்பளவு ஆழம்தான். பாலத்துக்கு அப்பால் வெள்ளையாக ஒரு மணல் திட்டு, அதில் ஒரு வெட்டு, வெட்டுக்கு அந்தப் பக்கம் கடல். காலையில் பார்த்ததன் இன்னொரு பிரதி.

"இதுவும் மூடிக்குமா அண்ணே?" என்று கேட்டேன்.

"மூடாம என்ன சார். இப்போ வாய் திறந்திருக்கு, தண்ணி இழுக்குது. வெயில் முத்தினா மண்ணு அடைச்சுக்கும். அப்புறம் வந்து பாருங்க, குளம் மாதிரி நிக்கும். மழை வந்தாத்தான் மறுபடி." துடுப்பைத் தூக்கிப் படகுக்குள் வைத்தார். "பாப்பா, கையைத் தண்ணியில விடு."

அவள் மணிக்கட்டு வரை கையை விட்டாள். துடுப்பு போடாமலே படகு மெல்லத் திரும்பி, பாலத்தை நோக்கி நகர ஆரம்பித்தது.