இரவில் கணினியை யார் பார்ப்பது?

புதுக்கோட்டை சிப்காட்டில் ஒரு பட்டறை என்றால் டேலி கணக்கு மென்பொருள் ஓடும் கணினி ஒன்றாவது இருக்கும். வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்க வசதியாக, ‘ரிமோட் டெஸ்க்டாப்’பை இணையத்துக்குத் திறந்துவிடுகிறார்கள் சிலர். வம்பு அங்கேதான். அது பயன்படுத்தும் 3389 எண் வாசலை (போர்ட்) தேடி, தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் கடவுச்சொற்களைப் போட்டுப் பார்க்கின்றன. ஒன்று பொருந்தினால் போதும், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். 2021 செப்டம்பரில் தமிழ்நாடு தலைமைச் செயலகத்துப் பொதுத் துறையின் கணினிகளிலேயே கோப்புகள் பூட்டப்பட்டுப் பணம் கேட்கப்பட்டது.

இதைக் கண்காணிக்க அமர்த்தப்படும் வெளிப் பாதுகாப்பு நிறுவனம் ஒவ்வொரு கணினியிலும் சிறு நிரலை நிறுவி, நடப்புப் பதிவுகளைத் தன் மையத்துக்கு வரவழைக்கும். நடுநிசியில் வரிசையாகத் தவறான கடவுச்சொற்கள், பிறகு ஒரு வெற்றி, உடனே கோப்புப் பெயர்கள் மளமளவென மாறுகின்றன. இதைக் கண்டதும் அந்தக் கணினியை மட்டும் இணைப்பிலிருந்து துண்டித்துவிடும். இரவெல்லாம் விழித்திருக்கப் பட்டறையில் யார் இருக்கிறார்கள்?

அதற்காகப் பொறுப்பையும் குத்தகைக்கு விட முடியாது. 2024 ஜூலையில் சி-எட்ஜ் என்ற சேவை நிறுவனம் தாக்கப்பட்டதில், அதை நம்பியிருந்த சுமார் 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றம் தடைபட்டது. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 உத்தரவுப்படி, தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும்; பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். இவற்றைச் செய்வது யார் என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.