ராட்டினம் ஏறும் முன் பெற்றோர் கேட்க வேண்டியவை

2025 மே 27 அன்று மாலை, சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள விஜிபி யுனிவர்சல் கிங்டம் பூங்காவில் ஒரு ராட்சத ராட்டினம் உயரத்துக்குப் போன இடத்தில் அப்படியே நின்றுவிட்டது. குழந்தைகள், பெண்கள் என 30-க்கும் மேற்பட்டோர் அந்தரத்தில் மாட்டிக்கொண்டார்கள். தீயணைப்புத் துறையினர் ஸ்கை லிஃப்ட் வாகனத்தைக் கொண்டுவந்து அவர்களை இறக்கி முடிக்க ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆயிற்று. நல்லவேளை, யாருடைய உயிருக்கும் ஆபத்தில்லை.

இப்படி ஒரு செய்தி வந்ததும் சில வீடுகளில் பூங்கா பயணத்தையே ரத்து செய்துவிடுவார்கள். வேறு சில வீடுகளில், நடப்பது நடக்கும் என்று கிளம்பிவிடுவார்கள். இரண்டும் வேண்டாம் என்பேன். பிள்ளைகள் ஆண்டு முழுக்கக் காத்திருக்கும் நாள் அது, போகத்தான் வேண்டும். ஆனால் அங்கே பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆபத்துகள் எவை, பூங்கா பொறுப்பேற்க வேண்டிய ஆபத்துகள் எவை என்று பிரித்துத் தெரிந்துகொண்டு போக வேண்டும். ஒரு விபத்து நடந்தால் நம் ஊர்ப் பெற்றோர் முதலில் தங்களையே குற்றவாளியாக்கிக்கொள்கிறார்கள். ‘நாமதான் பார்த்திருக்கணும்’ என்று அழுதுவிட்டு, மருத்துவமனைச் செலவையும் தாங்களே கட்டிவிட்டு வீடு திரும்புகிறார்கள். போல்ட் தேய்ந்ததற்கும் கேபிள் அறுந்ததற்கும் தாய் தகப்பன் எப்படிப் பொறுப்பாவார்கள்?

புறப்படும் முன்

அண்ணன் குடும்பமும் தங்கை குடும்பமும் சேர்ந்து வேன் பிடித்து, ஐந்தாறு பிள்ளைகளோடு போவதுதான் நம் வழக்கம். முதல் தடவை போகிறவர்கள் வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை, சுவரில் நிறுத்தி ஒவ்வொரு பிள்ளையின் உயரத்தையும் அளந்து எழுதிக்கொள்வது. பெரும்பாலான பூங்காக்களில் குழந்தைக் கட்டணத்தை வயது தீர்மானிப்பதில்லை, உயரம்தான் தீர்மானிக்கிறது. எந்த ராட்டினத்தில் யார் ஏறலாம் என்பதும் அப்படியே. பெரிய ராட்டினங்களுக்கு 120, 130, 140 செ.மீ. என்று கோடு போட்டு வைத்திருப்பார்கள். பூங்காவின் இணையதளத்தில் பார்த்து, நம் பிள்ளைகளில் யாருக்கு எது கிடைக்கும் என்று முதல்நாளே சொல்லிவிட்டால், வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டுத் திருப்பி அனுப்பப்படும் அழுகை மிச்சமாகும்.

ஒரு அங்குலம்தானே குறைகிறது, விட்டுவிடுங்கள் சார் என்று ஆபரேட்டரிடம் மன்றாடுகிற பெற்றோரை எல்லாப் பூங்காவிலும் பார்க்கலாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மடியை அழுத்தும் இரும்புத் தடுப்பும் தோளில் இறங்கும் பூட்டும் குறிப்பிட்ட அளவு உடம்புக்கென்று வடிவமைக்கப்பட்டவை. உடம்பு சிறியதானால், ராட்டினம் தலைகீழாகும்போதோ சட்டென நிற்கும்போதோ அந்த இடைவெளி வழியே நழுவிவிடும். சட்டக் கோணமும் இருக்கிறது. உயரத்தையோ வயதையோ மறைத்து ஏற்றியிருந்தால், பின்னால் இழப்பீடு கேட்கும்போது ‘உங்கள் கவனக்குறைவும் சேர்ந்தது’ என்று சொல்லித் தொகையைக் குறைக்க இடம் கொடுத்தவர்கள் ஆவோம்.

டிக்கெட்டை இணையத்தில் எடுப்பவர்கள் பணம் கட்டும் கடைசிப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். கேட்காமலே காப்பீடோ சாப்பாட்டுக் கூப்பனோ கூடையில் சேர்ந்திருக்கும். முதலில் ஒரு விலை காட்டிக் கடைசியில் கட்டணங்களை ஏற்றியிருப்பார்கள். ‘இன்னும் இரண்டே டிக்கெட்’ என்று பொய்யாக அவசரப்படுத்துவார்கள். இவை அனைத்தையும் 2023 நவம்பர் இறுதியில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகள் தடை செய்துள்ளன. ஏமாற்று உத்திகள் என 13 வகையை அவை பட்டியலிடுகின்றன. திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாதி விலை என்று வாட்ஸாப்பில் வரும் இணைப்பில் பணம் கட்டி ஏமாந்தால், சற்றும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் முடக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும்.

வாசலில் டிக்கெட் எடுக்கிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இன்று எந்தெந்த ராட்டினம் ஓடவில்லை? விளம்பரத்தில் காட்டிய பெரிய ராட்டினங்கள் பராமரிப்பில் இருப்பதை மறைத்து முழுக் கட்டணம் வாங்குவது சேவைக் குறைபாடு என்று வாதிட இடமுண்டு.

உள்ளே போன பிறகு

பிள்ளைகள் பலர் இருக்கும் குடும்பத்தில் மிகவும் பற்றாக்குறையான பொருள் பெரியவர்களின் கண்தான். ‘எல்லாரும் பார்த்துக்குவாங்க’ என்று நினைக்கிற இடத்தில் யாருமே பார்ப்பதில்லை. காலையிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்: சின்னவர்கள் இருவரும் அத்தை பொறுப்பு, பெரியவர்கள் மாமா பொறுப்பு என்று. தண்ணீர்ப் பகுதியில் ஒரு பெரியவருக்கு இரண்டு சிறு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். அந்த நேரத்தில் அவர் கையில் கைபேசி இருக்கக் கூடாது.

நீரில் மூழ்கும் குழந்தை சினிமாவில் வருவதுபோல் கையை ஆட்டிக் கத்தாது. மூச்சுக்குத் திணறும் வாயால் கத்த முடியாது. ஒரு நிமிடத்துக்குள் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். அலைக்குளத்தில் நூறு தலைகளுக்கு நடுவே அதை லைஃப் கார்டு கவனிப்பது எளிதல்ல. காற்றடைத்த டியூப் விளையாட்டுப் பொருள், அது பாதுகாப்புக் கவசமாகாது. லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கி, தொடைக்கு நடுவே போகும் பட்டை இருந்தால் அதையும் மாட்டிவிடுங்கள். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்குவது பாசத்தில் செய்வது. ஆனால் குழந்தையின் கால் சறுக்கின் விளிம்பில் மாட்டும்போது, பெரியவரின் எடையும் சேர்ந்து தள்ளி எலும்பை முறித்துவிடும்.

கோ-கார்ட் ஓட்டும் இடத்தில் துப்பட்டா, தாவணி, நீளப் பின்னல் எல்லாவற்றையும் முடிந்து ஹெல்மெட்டுக்குள்ளும் சட்டைக்குள்ளும் அடக்கியாக வேண்டும். 2018-இல் ஹரியானாவின் பிஞ்சோரிலும் 2020-இல் ஹைதராபாத்திலும் தலைமுடி சக்கரத்தில் சிக்கி இளம்பெண்கள் இறந்திருக்கிறார்கள். இதைச் சொல்லித் தடுக்க வேண்டியது அங்கே நிற்கும் ஊழியரின் கடமை. அவர் சொல்லாவிட்டால் நாம் சொல்ல வேண்டும்.

சின்னப் பிள்ளைகளின் கையில் பேனாவால் கைபேசி எண்ணை எழுதிவிடுங்கள். அன்று காலை போட்ட உடையோடு ஒரு படம் எடுத்து வையுங்கள்; தொலைந்தால் என்ன நிறச் சட்டை என்பதுகூட அந்தப் பதற்றத்தில் நினைவுக்கு வராது. குழந்தை காணாமல் போனால் முதலில் வெளியேறும் வாயில்களுக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள், பிறகு ஒலிபெருக்கி. கிடைக்கவில்லையென்றால் அவசர உதவி எண் 112 அல்லது குழந்தைகள் உதவி எண் 1098.

உடை மாற்றும் அறையில் கேமரா இருப்பதாகச் சந்தேகம் வந்தாலும் 112-தான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவு பெண்களை மறைந்திருந்து படமெடுப்பதைக் குற்றமாக்குகிறது. குழந்தை என்றால் போக்சோ சட்டமும் சேரும்.

தண்ணீர் பாட்டில் விலை சிறிய விஷயமாகத் தோன்றும். ஆறு பிள்ளைகளோடு மே மாத வெயிலில் நிற்கும் குடும்பத்துக்கு அது சிறியதல்ல. பொட்டலப் பொருளை அச்சிட்ட விலைக்கு மேல் கடையில் விற்க 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் அனுமதிப்பதில்லை. ஒரே பொருளுக்கு இடத்துக்கு இடம் வேறு விலை அச்சிடுவதும் 2018 முதல் தடை. உட்காரவைத்துப் பரிமாறும் உணவகத்துக்கு மட்டும் உச்ச நீதிமன்றம் 2017-இல் விலக்களித்திருக்கிறது. பூங்காவுக்குள் உள்ள சாதாரணக் கடை அந்த விலக்கில் ஒளிந்துகொள்ள முடியாது. ரசீது வாங்கித் தொழிலாளர் துறைக்குப் புகார் அனுப்பலாம். வெளி உணவு விஷயத்தில், திரையரங்குகள் அதைத் தடுக்கலாம், ஆனால் இலவசக் குடிநீர் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது திரையரங்கு பற்றிய தீர்ப்புதான். என்றாலும் பால் புட்டியைப் பறிக்க வரும் பூங்காக் காவலாளியிடம் சொல்ல அதைவிட நல்ல வாதம் இல்லை.

மாற்றுத்திறன் குழந்தை இருந்தால், குறிப்பிட்ட ராட்டினத்தில் பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுப்பது வேறு. பூங்காவுக்குள்ளேயே விட மறுப்பது வேறு. பின்னதை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்காது. மாநில ஆணையரிடம் முறையிடலாம்.

பூங்காவின் கடமை

பெற்றோர் எவ்வளவு கவனித்தாலும் தடுக்க முடியாத, பூங்காவே பொறுப்பேற்க வேண்டிய ஆபத்துகளும் உண்டு. 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியாவில் ஊசல் போல் ஆடும் ராட்டினம் முறிந்து விழுந்து இருவர் இறந்தார்கள், 25-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அதற்கு முந்தைய மாதம் சென்னை அருகே குயின்ஸ்லேண்ட் பூங்காவில் செங்குத்தாக இறங்கும் ராட்டினத்தின் கேபிள் அறுந்தது. கீழே நின்ற ஒருவர் எடுத்த காணொளி பரவிய பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. 2024 மே 25 அன்று ராஜ்கோட் கேம் ஸோன் தீயில் குழந்தைகள் உட்பட 27 பேர் இறந்தார்கள். அந்த இடத்துக்குத் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றே இல்லை. பிறந்தநாள் கொண்டாட மால்களுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் இதை மறக்கக் கூடாது. உள்ளே நுழைந்ததும் இரண்டாவது வெளிவழி எங்கே என்று பாருங்கள். இல்லையென்றால் திரும்பிவிடுங்கள்.

டிக்கெட்டின் பின்புறம், ‘விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதைக் காட்டியதும் பலர் வாயடைத்துப் போகிறார்கள். அந்த வரி நினைத்த அளவுக்குப் பலமானதல்ல. ஓட்டலில் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் திருடுபோன தாஜ் மஹால் ஓட்டல் வழக்கில், ‘உரிமையாளர் பொறுப்பில்’ என்ற அச்சு வாசகத்தைக் காட்டித் தன் கவனக்குறைவிலிருந்து ஓட்டல் தப்பிக்க முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காருக்கே அந்த நியாயம் என்றால் குழந்தைக்கு அதைவிடக் குறைவாக இருக்க முடியாது.

அடிபட்டால்

சிகிச்சைதான் முதலில். 108-ஐ அழையுங்கள். எந்த மருத்துவமனையும் அவசரச் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று 1989-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. அங்கே எப்படி அடிபட்டது என்று கேட்கும்போது பூங்காவின் பெயரையும் ராட்டினத்தின் பெயரையும் சொல்லுங்கள். விளையாடும்போது விழுந்தான் என்று பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். விபத்துப் பதிவேட்டில் அதுதான் ஏறும். அந்த ஏ.ஆர். காப்பியே பிற்பாடு வழக்கின் முதுகெலும்பு.

குடும்பத்தில் ஒருவர் பூங்காவிலேயே நிற்கட்டும். ராட்டினம், இருக்கை, பூட்டு, எச்சரிக்கைப் பலகை எல்லாவற்றையும் படமெடுக்கட்டும். அருகில் இருந்த இரண்டு மூன்று பேரின் எண்ணை வாங்கட்டும். சிசிடிவி பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி அன்றே மின்னஞ்சலில் எழுதுங்கள். சில நாளில் பழைய பதிவு மேல் புதியது பதிந்துவிடும். நிர்வாகம் மருத்துவச் செலவையும் அடுத்த முறைக்கு இலவச டிக்கெட்டையும் நீட்டி ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டால், ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி அதில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கையெழுத்திடாதீர்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். கவனக்குறைவால் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆவது பிரிவிலும், மரணம் விளைவிப்பது 106-ஆவது பிரிவிலும் வருகிறது.

இழப்பீட்டுக்கு வழி, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். டிக்கெட் பணத்தைத் திரும்பப் பெறுவது போன்ற சிறு வழக்குகள் பல அங்கேயே முடியும். முடியாவிட்டால் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் குடும்பங்களுக்குச் சாதகமான விஷயங்கள் இருக்கின்றன. பூங்கா சென்னையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மதுரையிலோ திருநெல்வேலியிலோ வழக்குப் போடலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். வழக்குக் கட்டணத்தைக் கணக்கிடுவது நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்தல்ல, டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தை வைத்து. அது ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. இருபது லட்சம் கேட்டாலும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும் என்பதை மட்டும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் வாங்கியது அப்பா, அடிபட்டது மகள் என்றால் யார் நுகர்வோர்? இருவருமே. 1998-இல் ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில் உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்ட குழந்தைக்கு 12.5 லட்சம் ரூபாயும், அதன் பெற்றோர் பட்ட மனவேதனைக்குத் தனியாக 5 லட்சம் ரூபாயும் வழங்கியதை நிலைநிறுத்தியது. புகாரில் பெற்றோரின் வேதனையையும் தனித் தலைப்பில் எழுதிக் கேளுங்கள்.

விபத்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம். தனியார் பூங்காவிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் நேரடியாகக் கேட்க முடியாது. ஆனால் அதற்கு உரிமம் கொடுத்த அலுவலகத்திடமும், சோதித்துச் சான்றளித்த துறைகளிடமும் கேட்கலாம். இந்தப் பூங்காவின் ராட்டினங்கள் கடைசியாக எப்போது, யாரால் ஆய்வு செய்யப்பட்டன, அறிக்கையின் நகல் வேண்டும் என்று எழுதி, பத்து ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பினால் 30 நாளில் பதில் தர வேண்டும். ஏப்ரல் கடைசியில் விடுமுறை தொடங்குகிறது என்றால் மார்ச்சில் அனுப்பிவிடுங்கள். பள்ளியிலிருந்து பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும் முன், பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பெயரைச் சேர்த்து, பெற்றோர் ஒருவர் இதே மனுவைக் கொடுக்கலாம்.